பக்கத்து வண்டிச் சாம்பார்

பிப்ரவரி 16, திங்கள். டெல்லி.

குளிர் இருக்கிறது. ஆனால் குரங்குக் குல்லாய் போடும் அளவுக்கு இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம். கலியபெருமாள் போடச் சொன்னதால் போட்டுக்கொண்டேன். கலியபெருமாள் என் மனைவியின் தம்பி. அவள் போனபிறகு என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டார். இந்தக் காசி யாத்திரைக்கு என் பெயரைக் கொடுத்தவரும் அவரே. மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்கள் ஒரு பேருந்து நிறைய வந்திருக்கிறோம். சமையல்காரரையும் கூடவே அழைத்து வந்திருக்கிறார்கள். நாளை ஆக்ரா, மாலையே அங்கிருந்து ரயிலில் காசி.

நான் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த நாட்டின் படத்தைக் கரும்பலகையில் பார்க்காமலே வரைவேன். திருப்பதிக்கு வடக்கே வருவது இதுதான் முதல் தடவை. இதைக் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.

மாத்திரை போட்டாயிற்று.

பிப்ரவரி 17, செவ்வாய். ஆக்ராவில் தொடங்கி, எங்கோ வழியில்.

இன்று ஒரு பிழை நேர்ந்துவிட்டது. முறையாக எழுத முயல்கிறேன்.

தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வண்டிகள் நிற்கும் மைதானத்துக்கு வந்தோம். கலியபெருமாள் சலவைக்கல் தட்டு பார்க்கக் கடைக்குள் நுழைந்தார். "நீங்க நேரா நம்ம வண்டிக்குப் போயிடுங்க அத்தான், எங்கயும் நிக்காதீங்க" என்றார். நான் நேராகத்தான் போனேன். மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு வண்டியின் பின்புறத்திலிருந்து சாம்பார் மணம் வந்தது. ஆக்ராவில் சாம்பார் மணம் வந்தால் அது நம் வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இந்த முடிவில் தர்க்கப் பிழை இருப்பது இப்போது தெரிகிறது. அப்போது பசித்தது.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார்கள். கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன. நானும் அப்படியே இருந்தேன். காகிதத் தட்டை நீட்டினேன், சாதமும் சாம்பாரும் விழுந்தன. முதல் வாயிலேயே சாம்பார் மிக நன்றாக இருந்தது. எங்கள் வண்டியின் சாம்பாரைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்தவன் என்ற முறையில் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடம் ஓர் இளைஞர் பேசிக்கொண்டிருந்தார். கையில் பெயர்ப் பட்டியல். அந்தக் குழுவின் மேலாளர் என்பது பேச்சில் தெரிந்தது.

"உங்கண்ணன் வரலைன்னா நா ஒண்ணும் பண்ண முடியாதுங்மா. எழுவது தாண்டுனவங்க தொணை இல்லாம வரக்கூடாதுன்னு ஆபீஸ்ல சட்டம். பொழுதோட ஒரு ரயிலு இருக்குது, ஏத்தி உட்டுடறேன்."

"வந்துருவாருங் தம்பி. நொய்டாவுல மக வீட்டுல இருந்து நேரா இங்க வாரன்னு சொன்னாரு."

"காத்தால போன் பண்ணி முட்டி வலின்னு சொன்னாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

அம்மாள் பட்டியலைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். தட்டை ஏந்திய என் கையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதா, வந்துட்டாருங். எங்கண்ணன் நல்லசிவம்."

என் வாயில் சாதம் இருந்தது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசும் வழக்கம் எனக்கு இல்லை. மென்று விழுங்கி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தபோது மேலாளர் பட்டியலில் குறியிட்டுவிட்டு நகர்ந்திருந்தார்.

"வணக்கமுங் ஐயா" என்று மட்டும் திரும்பிச் சொன்னார்.

"அவருக்குக் காது சுத்தமாக் கேக்காதுங்" என்றார் அம்மாள். "பேச்சும் கம்மி."

வண்டி கிளம்பிவிட்டது. நான் உள்ளே இருந்தேன். ஏறியது நானாகத்தான். எல்லோரும் ஏறினார்கள், வழியில் நின்றால் இடைஞ்சலாக இருக்குமே என்று ஏறினேன்.

அம்மாளின் பெயர் பாவாத்தாள். ஊர் கோபிச்செட்டிப்பாளையம். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"மன்னிச்சுக்கோங்ணா. எறங்கோணும்னா அடுத்த ஊருல எறங்கிக்கங்க, தடுக்க மாட்டேன். முப்பது வருசமா ஐஸ் பேக்டரி நடத்துனவ நானு. அவரு போனதுக்கப்புறம் ஒத்தையா நடத்துனேன். கரண்டு போனா ஐஸ் போச்சு, மிசினு நின்னா ஐஸ் போச்சு. ராத்திரியெல்லாம் வெசனம். இந்தப் பயணம் கடைசில மணாலி போகுது. யாரும் காய்ச்சாம, கரண்டு பில்லு இல்லாம, தானா விழுகற ஐஸ ஒருக்கா பாக்கோணுமுங். அவ்வளவுதான்."

ஐஸைக் காய்ச்சுவதில்லை, உறைய வைப்பார்கள் என்று திருத்த நினைத்தேன். எனக்குக் காது கேட்காது என்பது நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

தேநீருக்கு வண்டி நின்ற இடத்தில், ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்து நின்று கலியபெருமாளை அழைத்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஒரு லாரிக்குப் பின்னால."

"எந்த ஊர் லாரி அத்தான்? ரயிலுக்கு நேரமாச்சு, இங்க எல்லாரும் என்னத் திட்டுறாங்க."

நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "சாம்பார் சாப்பிட்டு வண்டி மாறின ஆளை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். அடுத்த ஊரில் இறங்கி, தனியாக ரயில் பிடித்து, காசிக்கு வந்து சேர வேண்டும் என்றார். தனியாக ரயில் பிடிப்பதை நினைத்தபோது எனக்கு வியர்த்தது. சரி என்று சொன்னேன். திரும்பி வந்து பாவாத்தாள் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என் பெட்டி காசிக்குப் போகிறது. தோள்பையில் மாத்திரை, ஆதார் அட்டை, இந்தக் குறிப்பேடு ஆகியவை இருக்கின்றன. நாளை இறங்கிவிடுவேன்.

பிப்ரவரி 18, புதன். ஜெய்ப்பூர்.

இறங்கவில்லை. கேட்பதற்குச் சரியான தருணம் அமையவில்லை.

பாவாத்தாள் அம்மாள் தன் அண்ணனுக்காகக் கம்பளி உடுப்புகள் கொண்டுவந்திருக்கிறார். அவற்றை என்னிடம் கொடுத்தார். நல்லசிவம் பெரிய உடம்புக்காரர் போலிருக்கிறது. அவருடைய ஸ்வெட்டர் எனக்கு முழங்கால் வரை வருகிறது. ஹவா மஹால் என்னும் காற்று மாளிகையின் முன்னால் நின்றபோது காற்று ஸ்வெட்டருக்குள் புகுந்து, நான் உப்பிப்போய்விட்டதாக உணர்ந்தேன். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி என்னைப் படம் எடுத்தாள்.

விடுதியில் ஆதார் அட்டை கேட்டார்கள். யோசிக்காமல் எடுத்து மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். அதில் வைத்திலிங்கம், மயிலாடுதுறை என்று தெளிவாக இருக்கிறது. மேலாளர் லோகு அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"கண்ணாடி கொண்டாரலைங். எழுத்தே தெரிய மாட்டீங்குது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, அட்டையை விடுதிக்காரரிடம் கொடுத்து வாங்கி, என்னிடம் திருப்பித் தந்தார். முப்பது வயதுகூட இருக்காது, அதற்குள் பார்வை இவ்வளவு மோசம். ஆனால் எங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

ஆண்களுக்குத் தனி அறைகள். எனக்குச் சமையல்காரர் மாரப்பனுடன் இடம். மாலையில் அவர் பீன்ஸ் நறுக்கினார். சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் நானும் ஒரு கத்தி எடுத்தேன். துண்டுகள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மாரப்பன் என் துண்டுகளைப் பார்த்து, "ஸ்கேலு வெச்சு நறுக்கறாராட்ட இருக்குது" என்றார். நான் கேட்காததுபோல் இருந்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்.

மாரப்பன் பின்னாலிருந்து "இன்னுங்கொஞ்சம் சாம்பாருங்?" என்றார். தட்டை நீட்டினேன். இதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிப்ரவரி 21, சனி. ஜெய்சால்மர்.

காது கேட்காதவனாக இருப்பதில் எதிர்பாராத துன்பம் ஒன்று இருக்கிறது. லோகு வண்டியில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு இடங்களைப் பற்றி விளக்குகிறார். நல்ல பையன். ஆனால் ஆரவல்லி மலையை "இமயமலைக்குத் தம்பி" என்றார். ஆரவல்லி இமயமலையைவிட எத்தனையோ கோடி ஆண்டுகள் மூத்தது. தம்பி என்றால் எப்படி? நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து, தார்ப் பாலைவனம்தான் உலகத்திலேயே பெரியது என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததென்று தெரியவில்லை. அவர் அடுத்தபடி, "இங்க வருசத்துல ஆறு மாசம் மழையுங்" என்றார். எனக்கு இருமல் வந்துவிட்டது. பாவாத்தாள் அம்மாள் தண்ணீர் கொடுத்தார்.

அதன்பிறகு லோகுவின் தவறுகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்கிறார். பாடம் தெரியாத பையன்கள் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பது இயல்புதான். ஆனால் நான் ஆசிரியர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பின் இருக்கையில் தெய்வானை, சுலோச்சனா என்று இரண்டு அம்மாள்கள். சம்பந்திகள். எனக்குக் கேட்காது என்பதால் என்னைப் பற்றித் தாராளமாகப் பேசுகிறார்கள்.

"ஏனக்கா, பாவாத்தாளோட அண்ணன் இவ்வளவு ஒல்லியா?"

"காது கேக்காதவங்களுக்கு ஒடம்பு புடிக்காது."

"அப்புடியா?"

"ஆமா. காதுல விழுந்தாத்தான பசிக்கும். குக்கர் சத்தம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே ஓர் ஆட்டுமந்தை போனது, அதைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சமாளித்தேன்.

மணல்மேட்டுக்குப் போனோம். மணல்மேடுகள் காற்றில் நகரும் என்று காலமெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறேன். நகர்கின்றன. காலுக்கடியில் மணல் நழுவுவதை உணர்ந்து அப்படியே நின்றுவிட்டேன். பாவாத்தாள் அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுல ஒரு லோடு எங்கூர்ல எறக்குனா வீடே கட்டிப்போடலாம்" என்றார். இது கட்டடத்துக்கு ஆகாத மணல் என்று, யாரும் அருகில் இல்லாததால், மெதுவாகச் சொன்னேன். ஏன் ஆகாது என்று கேட்டார். சொன்னேன். காற்று மணிகளை எப்படி உருட்டி வழவழப்பாக்குகிறது என்பதில் தொடங்கி, சூரியன் சாயத் தொடங்கும் வரை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஒட்டகச் சவாரி எனக்கு வேண்டாம் என்று சைகை காட்டினேன். ஏற்றிவிட்டார்கள். ஒட்டகம் எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கும் என்று யாரும் சொல்லவில்லை. "ஐயோ நிறுத்துங்க, நிறுத்துங்க, நான் விழப்போறேன்" என்று கத்திவிட்டேன். நல்லவேளையாக ஒட்டகமும் அதே சமயம் கத்தியதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இறங்கியபோது எல்லோரும் ஒரே நேரத்தில் அஸ்தமனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூரியன் மறைந்தது மேற்கில், அவர்கள் பார்த்தது கிழக்கில்.

பிப்ரவரி 22, ஞாயிறு. பிகானேர் வழி.

முழுநாளும் வண்டி. கலியபெருமாள் பல முறை அழைத்தார். காது கேளாதவன் வண்டிக்குள் எப்படிப் போன் எடுப்பது? எடுக்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய். அமிர்தசரஸ்.

பொற்கோயிலில் தலையை மூட வேண்டும் என்றார்கள். எல்லோரும் குரங்குக் குல்லாயோடு போனோம். குளத்தின் ஓரமாக அமர்ந்திருந்தோம். நீரில் பொன் அசைந்தது. யாரும் ஒன்றும் விளக்கவில்லை. அதனால் நன்றாக இருந்தது.

வெளியே வந்ததும் லோகு ஒலிபெருக்கியை எடுத்தார். "பஞ்சாப்புன்னா அஞ்சு ஆறுங். கங்கை, யமுனை, காவேரி, பவானி, நொய்யல்."

என் வாயிலிருந்து "ஜீலம்" என்ற சொல் வெளியே வந்துவிட்டது. உடனே அதைத் தும்மலாக மாற்றினேன்.

"தும்மலுகூட எலக்கணமாத்தான் தும்மறாரு" என்றார் தெய்வானை.

மதியம் மாரப்பனுடன் கத்தரிக்காய் நறுக்கினேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்குக் கேக்காதுங்கற தைரியத்துல ஒண்ணு சொல்றேன்" என்று தொடங்கினார். அவருடைய சாம்பார்ப்பொடி அவருடைய அம்மா இடித்துக் கொடுப்பதாகப் பேர். அதற்காகவே இந்தக் குழுவுக்கு ஆட்கள் சேருகிறார்களாம். அம்மாவுக்குக் கைநடுக்கம் வந்து வெகுகாலமாகிறது, இப்போது போடுவது கடைப் பாக்கெட் பொடி. "யார்கிட்டயாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சுங். சொல்லீட்டேன்." நான் கத்தரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மாலையில் வண்டியைவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று கலியபெருமாளுக்குப் போன் செய்தேன்.

"காசில இல்லாத கங்கையா அங்க இருக்கு? அந்த வண்டியில என்ன பேர் எழுதியிருக்கு, படிங்க."

படித்தேன். ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவது என் சுபாவம்.

"அவங்க ஆபீஸுக்கே பேசுறேன். நீங்க சும்மா இருங்க."

எதற்காகப் பேசப்போகிறார் என்று கேட்டிருக்க வேண்டும். போனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி 26, வியாழன். மணாலி.

பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தோம். தூரத்து மலை உச்சியில் வெள்ளை தெரிந்தது. பாவாத்தாள் அம்மாள் அதைப் பார்த்தபடி, "மேல சுண்ணாம்பு அடிச்சாப்புடி இருக்குதுங்" என்றார். நாளைக் காலை பனி இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அவர் தன் கையுறையைப் போட்டுப் பார்த்தார், கழற்றினார், மறுபடி போட்டுப் பார்த்தார்.

பிப்ரவரி 27, வெள்ளி. மணாலி.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

காலையில் எல்லோரும் வண்டியில் ஏறிவிட்டோம். லோகு கடைசியாக வந்தார். கையில் போன். முகம் சரியில்லை. எங்கள் இருக்கைக்கு அருகில் வந்து குனிந்தார்.

"அம்மா, ஆபீஸ்ல இருந்து போனுங். மயிலாடுதுறைல இருந்து ஒருத்தரு, எங்கத்தான உங்க வண்டி கடத்தீட்டுப் போயிருச்சுன்னு சொல்லியிருக்காரு. தொணை இல்லாத ஆள எப்புடிக் கூட்டீட்டுச் சுத்தறேன்னு என்னையத் திட்டறாங்க. உங்கள இப்பவே டெல்லிக்கு அனுப்பச் சொல்றாங்க. ரோட்டுல ஒரு வண்டி நிக்குது."

பாவாத்தாள் அம்மாள் கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றி, இரண்டையும் சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்தார். அழுதிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. அந்த மடிப்பு என்னை எழுப்பிவிட்டது.

நான் எழுந்து நின்றேன். தலை மேலே இடித்தது.

"எல்லோரும் மன்னிக்க வேண்டும்" என்றேன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "எனக்குக் காது கேட்கும். என் பெயர் நல்லசிவம் இல்லை, வைத்திலிங்கம். இந்த அம்மா எனக்குத் தங்கை இல்லை. ஆக்ராவில் வண்டி மாறி உங்கள் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. என்னை அனுப்பிவிடுங்கள், இவரைப் பனியைப் பார்க்க விடுங்கள். இன்னொன்று, ஆரவல்லி இமயமலைக்குத் தம்பி அல்ல. அண்ணன்."

சுலோச்சனா அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், உரித்துக்கொண்டே இருந்தார்.

"தெரியுமுங்" என்றார் தெய்வானை.

"எப்போது தெரியும்?"

"ஆக்ராவுலயே. பாவாத்தாளோட அண்ணன் வீட்டுக் கல்யாணத்துல பந்தி பரிமாறுனதே நாந்தான். அவரு இந்தக் கதவுல நொழையோணும்னா பக்கவாட்டுல வரோணும்."

"ஒட்டகத்து மேல நீங்க போட்ட சத்தம் பாகிஸ்தானுக்கே கேட்டிருக்குமுங்" என்றார் லோகு. "நா உங்க ஆதாரு பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா அந்த அஞ்சு ஆறு சொன்னப்பவும் தும்மியே சமாளிச்சுட்டீங்களே. கெட்டிக்காரருதான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். மாரப்பனைப் பார்த்தேன். அவரும் தெரிந்துதான் அந்தப் பொடி விஷயத்தைச் சொன்னாரா? அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"அதெல்லாம் சரிங்க" என்றார் லோகு. "இப்ப ஆபீஸுக்கு என்ன சொல்றது? ஒறவுமொறைல ஒரு ஆளு வேணுமே."

தெய்வானை எழுந்து இடைவழியில் நின்றார். கல்யாண வீட்டில் முறை விசாரிப்பவரைப்போலக் கேட்டார்.

"பாவாத்தா, உங்க பொறந்த வீட்டுக்குக் கொலதெய்வம் எது?"

"ஆலாங்காட்டு மாகாளி."

"வண்டில வேற யாருக்கு ஆலாங்காட்டு மாகாளி?"

ஆளாளுக்கு ஒரு சாமி பேர் சொன்னார்கள். கடைசியில் பின்னாலிருந்து, பாத்திரங்களுக்கு நடுவில், மாரப்பன் கையைத் தூக்கினார்.

"எங்களுக்கும் அவதானுங்."

"ஒரே கொலதெய்வம்னா பங்காளி. பங்காளின்னா அண்ணந்தம்பி. வயசுக்கு நீ தம்பி. முடிஞ்சுது." தெய்வானை உட்கார்ந்துவிட்டார்.

லோகு போனில் பேசினார். "சார், அந்தம்மாவோட தம்பி நம்ம வண்டிலயே இருக்காருங். ஆமாங், மாரப்பன்தானுங். சத்தியமா ஒறவுதானுங், கோயிலே ஒண்ணு. இல்லீங், எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. அந்த இன்னொருத்தருங்களா? அவர யாரும் கடத்தலைங் சார். சாம்பாருக்கு வந்தவருங்." வண்டி கிளம்பியது.

தெய்வானை என் தோளைத் தட்டினார். "உங்களுக்கு எந்தக் கோயிலுங் வாத்தியாரே?"

"திருவாரூர்ப் பக்கம் ஓர் ஐயனார்."

"அப்பப் பங்காளி இல்ல" என்றார். சுலோச்சனாவைப் பார்த்தார். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பாவாத்தாள் அம்மாள் கையுறையை மறுபடி எடுத்து மும்முரமாக மாட்டிக்கொண்டிருந்தார்.

பனிக்கு வந்தோம். வெள்ளை வயல்போல நீண்டு கிடந்தது. மற்றவர்கள் கூவிக்கொண்டு ஓடினார்கள். பாவாத்தாள் அம்மாள் ஓடவில்லை. சரக்கு வாங்க வந்தவர்போல் நடந்து போய், ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி அள்ளினார். அழுத்தினார். முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"பதம் பத்தாதுங்" என்றார். "இத மீன் பொட்டில போட்டா கொச்சி போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணி. கடப்பாரை போட்டா நிக்காது. நம்ம சரக்கு பக்கத்துல வர முடியாது."

"இது பூப்போல விழுந்து படிவது. நடுவில் காற்று இருக்கும், அதனால்தான்" என்றேன். இப்போது உரக்கவே சொல்லலாம் என்பது விசித்திரமாக இருந்தது.

"எத்தன மிசினு ஓடோணும் இவ்வளவு பண்ண?"

"ஒன்றும் இல்லை. குளிர்ந்தால் போதும்."

"ராத்திரி யாரும் முழிச்சிருக்க வேண்டியதில்ல?"

"இல்லை."

அவர் கையிலிருந்த பிடி கரைந்து புடவையில் சொட்டியது. அதை உதறவில்லை. மலையை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே இருந்தார். முகம் ஈரமாக இருந்தது. பனித்தூறலாக இருக்கலாம். தூறல் இருந்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பக்கத்தில் உட்காரலாமா என்று யோசித்தேன். குளிரில் முட்டி மடங்காது என்று தோன்றியது. பிறகு உட்கார்ந்தேன். எழுவதற்கு லோகுவும் மாரப்பனும் வர வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 28, சனி. டெல்லி செல்லும் வழி.

காலையில் மாரப்பன் முறைப்படி தன் அக்காளுக்கு முதல் தட்டு கொடுத்தார். இனி இவருக்குத் துணை இருக்கிறது. என் வேலை முடிந்தது. நிம்மதியாக இருக்க வேண்டும். ஏனோ இட்லி இறங்கவில்லை. உயரமான இடங்களில் செரிமானம் குறையும் என்று படித்திருக்கிறேன்.

நல்லசிவத்தின் இருக்கையில் தொடர்ந்து உட்காரலாமா என்று லோகுவிடம் கேட்டேன். "பின்ன எங்க போயி உக்காருவீங்க, கூரை மேலயா?" என்றார்.

பாவாத்தாள் அம்மாள் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மாரப்பன் தம்பியாயிட்டதால, உங்கள இனிமே அண்ணான்னு கூப்புடத் தேவையில்லீங்களே" என்றார்.

"ஆமாம், தேவையில்லை. வைத்திலிங்கம் என்றே சொல்லலாம்" என்றேன்.

"இந்த வாத்தியாருக்கு நெசமாவே காது கேக்காதாட்ட இருக்குது" என்றது பின் இருக்கை.

இந்த நாட்டில் வேறு என்னதான் இருக்கிறது என்று பாவாத்தாள் அம்மாள் கேட்டார். கட்ச்சில் கடல் பின்வாங்கி வெள்ளை உப்பாகக் கிடக்கும் வெளியைச் சொன்னேன். மேகாலயாவில் மரத்தின் வேர்களையே ஆற்றின் குறுக்கே வளர்த்துப் பாலமாக்குவதைச் சொன்னேன். அந்தமான் எரிமலையைச் சொன்னேன். நான் எதையுமே பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாலம் மொதல்ல" என்றார். "வர ஐப்பசிக்கு."

மதியம் கலியபெருமாள் அழைத்தார். வண்டிக்குள்ளேயே, எல்லோர் முன்னிலையிலும் எடுத்தேன்.

"டெல்லி ஸ்டேஷன்ல என் சிநேகிதர் மகன் நிப்பான். உங்களைப் பிடிச்சு மயிலாடுதுறை வண்டியில ஏத்திவிடுவான். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

"வேண்டாம் கலியபெருமாள்" என்றேன். "நான் இவர்களோடு கோயம்புத்தூர் வண்டியில் போகிறேன். கோபிச்செட்டிப்பாளையத்தில் இறங்கி ஓர் ஐஸ் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது."

"ஐஸா? எதுக்கு அத்தான்?"

பாவாத்தாள் அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் ஆரஞ்சு உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"இயற்கைப் பனியைப் பார்த்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே முறை" என்றேன். போனை நானே வைத்தேன்.

கோபிச்செட்டிப்பாளையத்தில் ரயில் நிலையம் கிடையாது, ஈரோட்டில் இறங்க வேண்டும் என்று பாவாத்தாள் அம்மாள் பிறகு திருத்தினார். புவியியல் ஆசிரியனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பகுதியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியவில்லை என்பது உண்மை. போய் ஒரு வாரமாவது தங்கிப் பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.